சாம்பல் சுவர் ராத்திரியில் ஏன் நீலமாகிறது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புது வீடு கட்டுகிற பலர் பெயிண்ட் கடையின் ஷேடு கார்டைப் புரட்டியதும் விரல் வைப்பது சாம்பல் நிறத்தில்தான். நல்ல நிறம்தான். ஆனால் அடித்து முடித்த பிறகு, "கார்டுல பார்த்த கலர் இது இல்லையே" என்று பெயிண்டரோடு மல்லுக்கு நிற்பதும் இந்த நிறத்துக்குத்தான். பெரும்பாலும் பெயிண்டர் மேல் தப்பு இருக்காது.

வெறும் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பல் கடையில் குறைவு. நீலம், பச்சை, ஊதா, பழுப்பு என்று ஏதாவது ஒன்று கொஞ்சம் சேர்ந்திருக்கும். கார்டைத் தனியாகப் பார்த்தால் பிடிபடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், சாயல் வெளியே வந்துவிடும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. தரையில் ஐவரி டைல்ஸ், தேக்குக் கதவு, சுவரில் நீலச் சாயல் சாம்பல். பகலில் குறை சொல்ல முடியாது. ராத்திரி 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப்லைட்டைப் போட்டால் ஹாலே நீலம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். "இதுக்கு ஆஸ்பத்திரியிலயே படுத்திருக்கலாம்" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. விளக்கை மட்டும் 3000 கெல்வினுக்கு மாற்றச் சொன்னேன். பாதி நீலம் போய்விட்டது. மீதிக்குக் காரணம் டைல்ஸ். மஞ்சள் கலந்த தரைக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் கூடுதல் நீலமாகத்தான் கண்ணுக்குப் படும். ஐவரி தரை, காவித் தரை, தேக்கு மரம் உள்ள வீடுகளுக்குப் பழுப்புச் சாயல் சாம்பல்தான் என் சிபாரிசு.

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் உள்ளறைகளுக்கு வெளிச்சமே முற்றம் வழியாகத்தான். அங்கே அடர் சாம்பல் வேண்டாம். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் உண்டு. கடையில் கேளுங்கள். இருட்டறைக்கு 60க்கு மேல் பாருங்கள்.

கார்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. காய்ந்த அட்டையைச் சுவரில் நிமிர்த்தி வைத்துக் காலை, மாலை, ராத்திரி உங்கள் வீட்டு விளக்கிலேயே பாருங்கள்.

அப்புறம் உப்பு. நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவரில் வெள்ளையாகப் பூக்கும். வெள்ளைச் சுவரில் அது கண்ணில் படாது. சாம்பலில் திட்டுத்திட்டாகத் தெரியும். பட்டி பார்த்து மறைத்தால் பட்டியோடு உரிந்து வரும். நீர்க்கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகே பிரைமர் என்கிற அடிப்பூச்சு. புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள்.

மெஷினில் கலக்கும் நிறம் டப்பாவுக்கு டப்பா சற்றே மாறலாம். ஒரு ஹாலுக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கி, பெரிய பக்கெட்டில் ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டச்-அப்புக்கு அதிலேயே ஒரு லிட்டர் எடுத்து வையுங்கள்.