கணு மட்டும் வீங்கும்போது: லுக்கீமியாவுக்குள் எழும் லிம்போமா

மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோயான நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா (சி.எல்.எல்.) உள்ள பலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்தே தேவைப்படாது. அப்படி இருந்தவருக்குக் கழுத்தில் ஒரு நிணநீர்க் கணு மட்டும் சில வாரங்களில் மளமளவென வீங்குகிறது. காய்ச்சல், எடை இழப்பு, இரவில் உடை நனையும் வியர்வை. ரத்தத்தில் எல்.டி.எச். (செல்கள் சிதையும்போது கசியும் நொதி) ஏறுகிறது. வெள்ளணு எண்ணிக்கையோ பழையபடியே இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. புது நோயான லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வளர்வது கணுவுக்குள்.

சி.எல்.எல். இப்படி வேகமான லிம்போமாவாக மாறுவதை 1928இல் மாரிஸ் ரிக்டர் விவரித்ததால் இதற்கு ரிக்டர் மாற்றம் என்று பெயர். பெரும்பாலும் உருவாவது பெருஞ்செல் பி லிம்போமா (பி செல் என்ற வெள்ளணு வகையில் எழுவது). சிலருக்கு ஹாட்ஜ்கின் என்ற வேறு வகை லிம்போமா.

அடுத்த கேள்வி, பரிசோதனைக்கு எந்தக் கணுவை எடுப்பது? சி.எல்.எல். செல்கள் சர்க்கரையைக் குறைவாகவே உறிஞ்சும். பெருகும் லிம்போமா வாரி எடுக்கும். சர்க்கரையை உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் இந்த உறிஞ்சும் அளவு (எஸ்.யூ.வி.) 5க்குக் கீழே என்றால் சந்தேகம் குறைவு, 10ஐத் தாண்டினால் வலுவான சந்தேகம். அதிகம் ஒளிரும் கணுவையே, முடிந்தால் முழுதாக, வெட்டி எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் சிதறிய செல்கள்தான் கிடைக்கும்; கைக்கு எட்டுகிறதே என்று வேறு கணுவை எடுத்தால் பழைய லுக்கீமியாதான் தெரியும்.

நுண்ணோக்கியில் தேடுவது, சாதாரண லிம்போசைட்டைவிட இரு மடங்குக்கு மேல் பெரிய செல்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருப்பதை. இங்கே ஒரு பொறி உண்டு: சி.எல்.எல்.லுக்குத் தரும் இப்ரூட்டினிப் போன்ற மாத்திரையை இடையில் நிறுத்தியவருக்குக் கணு இதே தோற்றம் காட்டலாம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் அது வடிந்துவிடக்கூடும். மருந்து நிறுத்திய விவரம் நோயியல் மருத்துவரிடம் போய்ச் சேராவிட்டால் தவறான முடிவு வரும்.

லிம்போமா உறுதியான பிறகும் ஒன்று பாக்கி: இது பழைய செல்லின் வாரிசா, புதிதாக முளைத்ததா? ஒவ்வொரு பி செல்லும் தன் எதிர்ப்புரத மரபணுவை வெட்டி ஒட்டிக்கொள்ளும் விதம் கைரேகை போன்றது. லுக்கீமியா, லிம்போமா இரண்டின் கைரேகைகளும் பொருந்தினால் வாரிசு; சுமார் 80 சதவீதம் இப்படித்தான். புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் பழுது இவற்றில் அதிகம் என்பதால், 21 நாளுக்கு ஒருமுறை தரும் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பலரிடம் நிலையான பலன் கிடைப்பதில்லை. நோய் அடங்கியவர்களுக்குக் கொடையாளர் ஸ்டெம் செல் மாற்று பரிசீலிக்கப்படுகிறது. கைரேகைகள் பொருந்தாவிட்டால் அது தனி லிம்போமா. பெரும்பாலும் சிகிச்சைக்கு இதைவிட நன்றாக இணங்கும்.

இந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் எல்லா இடங்களிலும் தானாகச் செய்யப்படுவதில்லை. பழைய மாதிரி இல்லையென்றாலும் தயங்க வேண்டாம்: சி.எல்.எல். செல்கள் பெரும்பாலும் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அன்று எடுக்கும் ஒரு குழாய் ரத்தமே ஒப்பிடப் போதும்.