லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் பாக்கிப் பணத்தை வாங்கித் தராது

கடந்த மாதம் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் தடித்த கோப்பு ஒன்றோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த 2 மனுக்கள், மாநகராட்சிக்கு எழுதிய 3 மனுக்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா அமைப்புக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை என எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஓட்டை போட்டு, நூலால் கட்டி வைத்திருந்தார். வீட்டு உரிமையாளர் தர வேண்டிய கடைசித் தவணை 4,87,200 ரூபாய். வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்து 3 ஆண்டுகளும் 2 மாதங்களும் ஆகியிருந்தன. கோப்பில் இல்லாத காகிதம் ஒன்றே ஒன்றுதான். அது உரிமையியல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டிய வழக்குரை. இந்த ஆண்டில் இதே நிலையில் என்னிடம் வந்த நான்காவது மனிதர் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"பிளான் அப்ரூவல் கொடுத்தது அவங்க, லைசென்ஸ் கொடுக்கறது அவங்க. அப்ப அவங்கதானுங்களே சார் கேக்கோணும்?" என்றார். வீடு கட்டித் தந்தவரும் இதையே கேட்கிறார், கட்டிக்கொண்டவரும் இதையே கேட்கிறார். உரிமம் தரும் அலுவலகத்துக்கு, உரிமம் பெற்றவரைக் கண்டிக்கவும், தற்காலிகமாக நிறுத்திவைக்கவும், பதிவிலிருந்து நீக்கவும் அதிகாரம் உண்டு. "இவர் அவருக்கு இவ்வளவு ரூபாய் தர வேண்டும்" என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன் கீழ் பொறியாளர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். பொதுப்பணித் துறை அரசு டெண்டர்களுக்காக ஒப்பந்ததாரர்களை வகுப்பு வாரியாகப் பதிவு செய்கிறது. இரண்டுமே தனிமனிதர்களுக்கு இடையிலான கணக்கைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. தனியார் வீடுகளைக் கட்டித்தரும் மேஸ்திரிகளில் பெரும்பாலானவர்கள் இந்த எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இருந்து, பதிவு ரத்தானாலும், அதனால் உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் கூட ஏறாது. தொழிலை இழந்தவரிடமிருந்து பணத்தை வசூலிப்பது இன்னும் கடினமாகிவிடும் என்பதுதான் நான் கண்டது.

ரெராவைப் பற்றிய குழப்பமும் இதே வகையைச் சேர்ந்தது. அந்த அமைப்பை ஏற்படுத்திய 2016ஆம் ஆண்டுச் சட்டம், விற்பதற்காகக் கட்டும் நிறுவனத்துக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்பது. பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 குடியிருப்புகளுக்கு மேற்பட்ட திட்டங்களையே பதிவு செய்யச் சொல்கிறது. சொந்த மனையில் ஆளை வைத்து வீடு கட்டிக்கொள்பவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. பில்டரிடம் வேலை எடுத்துச் செய்த ஒப்பந்ததாரருக்கு வர வேண்டிய பாக்கியும் அந்தச் சட்டத்தை மீறிய செயலாகாது. உரிய புகாருக்கு அங்கே ஆணை கிடைத்தால்கூட, எதிர்த்தரப்பு தாமாகத் தராவிட்டால், அது நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கப்பட வேண்டியிருக்கிறது.

பணத் தகராறை ஏன் நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒப்பந்தம் ஒரே பக்கம். சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று மட்டும் எழுதியிருந்தது. உரிமையாளரின் கணக்கில் வீடு 1,180 சதுர அடி, ஒப்பந்ததாரரின் கணக்கில் 1,412. இருவரும் ஒருவரையொருவர் மோசடிக்காரர் என்று நம்பினார்கள். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் ஒரு பொறியாளரோடு போய், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது. போர்ட்டிகோ 120, மாடிப்படி ஹெட்ரூம் 78, பால்கனி 34. மொத்த வித்தியாசம் 232 சதுர அடியும் இந்த மூன்று இடங்களில் இருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை; எதை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தார்கள். இதைத் தீர்க்க ஒப்பந்தத்துக்குப் பொருள் காண வேண்டும், அளக்க வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். உரிமப் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் மேசையில் இது முடியாது.

நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் ஆகிறதே என்பீர்கள். உண்மைதான், அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. உரிமம் போய்விடும் என்று பயந்தால் ஒப்பந்ததாரர் உடனே வழிக்கு வருவார் என்ற வாதமும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே. வேலையை வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைத் தராத உரிமையாளரிடம் பறிப்பதற்கு எந்த உரிமமும் கிடையாது. உரிமத்தைக் காட்டி மிரட்டித் தீர்க்கும் முறை வந்தால், எக்ஸ்ட்ரா வேலைக்கு நியாயமாகப் பணம் கேட்பவர் கேட்காமலேயே போய்விடுவார். விரைவு வேண்டுமென்றால் மலேசியாவைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டுமானக் கட்டணச் சட்டத்தின்படி, எதிருரை வந்த 45 வேலை நாட்களுக்குள் தனி நடுவர் ஒருவர் தொகையை முடிவு செய்கிறார். இறுதியாக வழக்காடும் உரிமை அப்படியே இருக்கிறது. ஒப்பந்ததாரர்களைப் பதிவு செய்யும் வாரியம் அங்கே தனியாக இருந்தும், இந்த வேலையை அதனிடம் கொடுக்கவில்லை. நான்கு மாடிக்குக் குறைவாகத் தாம் குடியிருக்கவே வீடு கட்டும் தனிமனிதர்களுக்கு அங்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், நம் வீட்டுத் தகராறுகளுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அளந்து, இரு தரப்பையும் கேட்டு, குறுகிய காலத்தில் முடிவு சொல்லும் ஏற்பாடு நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இங்கேயும் வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அதுவரை, தயவுசெய்து நாட்களை வீணாக்காதீர்கள். பணம் தருவதற்கு நாள் குறிக்காமல் செய்த வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். நாங்கள் லிமிடேஷன் என்று சொல்லும் இந்தக் காலவரம்பு, நீங்கள் ஆட்சியரிடம் மனு கொடுத்ததாலோ, காவல் நிலையத்துக்கு நடந்ததாலோ நிற்பதில்லை. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் ஊக்கத்தோடும் வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மனு எழுதி அலைந்த காலத்தை அல்ல. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நிற்காது. "தீபாவளி கழித்துத் தருகிறேன்" என்று வாயால் சொன்னாலும் நிற்காது. இந்தத் தொகை பாக்கி என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அதுவும் 3 ஆண்டு முடிவதற்குள் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். இதைப் பத்து முறை சொன்னாலும் பதினொன்றாவது ஆள் சி.எஸ்.ஆர். ரசீதோடு வந்து நிற்கிறார்.

காவல் துறை பணம் வசூலிக்கும் முகவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் புகார் கொடுங்கள். கணக்கில் வந்த தகராறுக்குக் கொடுக்காதீர்கள்.

பணம் கொடுத்தும் வேலை பாதியில் நிற்கிறதென்றால், வீடு கட்டிக்கொள்பவருக்கு நுகர்வோர் ஆணையம் திறந்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் அங்கே காலவரம்பு 2 ஆண்டுகள்தான். ஒப்பந்ததாரர் தம் பாக்கிக்காக அங்கே போக முடியாது. அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். இரு தரப்பும் பேசத் தயார் என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை, மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம்.

ஒப்பந்தம் எழுதும்போது போர்ட்டிகோ, ஹெட்ரூம், சம்ப், சுற்றுச்சுவர் ஆகியவை சதுர அடிக் கணக்கில் சேருமா சேராதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் கான்கிரீட், பூச்சு என ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அளந்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே தவணையைக் கொடுங்கள், வாங்குங்கள். எக்ஸ்ட்ரா வேலையை வாய்ப்பேச்சில் தொடங்கவே தொடங்காதீர்கள். தகராறு வந்துவிட்டால், மறு பூச்சுப் பூசுவதற்கு முன் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க நீதிமன்றத்தைக் கேளுங்கள். சுவர் மறைந்த பிறகு அளப்பதற்கு எதுவும் இருக்காது.

கோப்போடு வந்தவரின் பெரிய தொகைக்கு இனி வழக்குப் போட வழியில்லை. அந்த வீட்டின் சுற்றுச்சுவரை மட்டும் தனியாகப் பேசி, 8 மாதம் கழித்து முடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் பாக்கி 62,000 ரூபாய். அதற்கு இன்னும் காலம் இருந்ததால், வழக்குரை தயாரித்துக் கடந்த வாரம் தாக்கல் செய்தோம்.