பழைய ரேசிங் கிராங்க் வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

பெங்களூரில் பழைய ரேசிங் சைக்கிளைத் தேடிப் பிடித்து ஓட்டும் கூட்டம் பெருகிவிட்டது. சிக்பேட்டை சண்டே பஜாரில், இரும்புச் சாமான் குவியலுக்கு நடுவில் ஒரு அலுமினிய கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, மின்னினால் போதும், அள்ளிக்கொண்டு அல்சூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். "அண்ணா, காம்பனோலோ!" என்று அந்த இத்தாலியக் கம்பெனியின் பெயரைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. நந்தி மலை ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதிக்கும்போது உங்கள் மொத்த எடையும் அந்தக் கையின் மேல்தான். இரும்பு கிராங்க் பெரும்பாலும் வளைந்து காட்டும். அலுமினியம் உள்ளுக்குள்ளே விரிசலை வளர்த்துக்கொண்டே போய் ஒருநாள் பட்டென்று முறியும். முப்பது நாற்பது வருஷம் யார் எப்படி ஓட்டினார்களோ, நமக்கு என்ன தெரியும்?

விரிசல் விழும் இடங்கள் சிலதான். காம்பனோலோவின் ரெக்கார்டு என்ற கிராங்க் மாடல் 1958-இல் வந்தது. உலகம் முழுக்க அந்த வடிவத்தைப் பார்த்து நகல் எடுத்தார்கள். அதில் வலது கிராங்கின் கை, பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கிளைகளோடு சேரும் இடத்தில் ஒரு கூர்மையான இடுக்கு உண்டு. மிதிக்கும் விசையெல்லாம் அந்த இடுக்கில் குவிவதால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அடுத்தது பெடல் மாட்டும் ஓட்டையைச் சுற்றிய பகுதி. மூன்றாவது, இரண்டு பக்கக் கிராங்கையும் இணைக்கும் ஆக்சில் நுழையும் சதுர ஓட்டையின் மூலைகள்.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த கிராங்கில் அந்த இடுக்கில் முடி போல ஒரு கோடு. "சும்மா கீறல்தானே அண்ணா?" என்றான். மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைத்து எடுத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தடவி வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பொடியில் ஈரமான ஒரு கோடு, கொஞ்சம் கோணலாக, இடுக்கிலிருந்து மேலே ஏறியிருந்தது. கீறலாக இருந்தால் துடைத்ததோடு எண்ணெய் போயிருக்கும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய்தான் இப்படித் திரும்பக் கசியும். இதையே துல்லியமாகச் செய்ய சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் சேர்ந்த ஸ்பிரே செட் வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ஆனால் கண்ணாடி மாதிரி பஃபிங் போட்ட கிராங்கில் இந்த மண்ணெண்ணெய் சோதனையையும் முழுசாக நம்பாதீர்கள். பஃபிங் போடும்போது மேலே இருக்கும் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். எனக்கு அழுக்கோடு வரும் கிராங்க்தான் பிடிக்கும்.

அப்புறம் புல்லர் மரை. புல்லர் என்பது கிராங்கை ஆக்சிலிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி. அதைத் திருகும் உள்மரை பெரும்பாலானவற்றில் 22 மிமீ. பிரெஞ்சுக் கம்பெனிகளில் பழைய ஸ்ட்ராங்லைட்டில் 23.35, டிஏவில் 23. இது தெரியாமல் 22 மிமீ புல்லரை வைத்து இழுத்தால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மரை மொழுக்கென்று இருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். சதுர ஓட்டையையும் பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போது ஆக்சில் நுனி வாஷர் உட்காரும் இடம் வரை வந்துவிட்டால், ஓட்டை தேய்ந்து அகண்டுவிட்டது என்று அர்த்தம். தகடு வைத்து ஒப்பேற்றும் வேலையை நான் செய்வதில்லை. ஆக்சிலும் பொருந்த வேண்டும். அதன் சதுர முனைக்கு இரண்டு அளவு முறை உண்டு: ஷிமானோ, சுகினோ மாதிரி ஜப்பான் சாமானுக்கு ஜேஐஎஸ், காம்பனோலோவுக்கு ஐஎஸ்ஓ. மாற்றி மாட்டினால் கிராங்க் நாலைந்து மிமீ தள்ளி உட்காரும், செயின் நேராக ஓடும் கோடு (செயின் லைன்) போய்விடும்.

பெடல் மரையில் பிரெஞ்சு என்றால் 14 மிமீ, மற்றவை 9/16 அங்குலம். பிரெஞ்சு ஓட்டையில் சாதாரணப் பெடலை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். மரை வெட்டும் டேப் கருவியைப் போட்டு 9/16 ஆக்கிக்கொள்ளலாம், வித்தியாசம் சொற்பம்.

வயதை அறிய ஷிமானோ சுலபம். பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்: முதல் எழுத்து வருஷம், ஏ என்றால் 1976, இரண்டாவது மாதம். சிஜி என்றால் 1978 ஜூலை. இடது வலது இரண்டிலும் பாருங்கள். வேறு வேறு வருஷமாக இருந்தால் ஜோடி சேர்த்தது. அதன் பிறகு நீளத்தையும் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரு பக்கம் 170 மிமீ, மறுபக்கம் 172.5 என்று ஓட்டி முட்டி வலியோடு வந்தவர்கள் உண்டு.

பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டும் அமைந்த வட்டத்தின் விட்டத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும். பக்கத்துப் பக்கத்து போல்ட் மையங்களுக்கு இடையே 84.6 மிமீ என்றால் விட்டம் 144 மிமீ, 76.4 என்றால் 130, 64.7 என்றால் 110. ரெக்கார்டு முதலில் 151-ஆக இருந்தது, 1960களின் பின்பாதியில்தான் 144 ஆனது. 144-இல் 41 பல்லுக்குக் கீழே சக்கரம் மாட்ட முடியாது. நந்தி ஏற உங்கள் முட்டி சம்மதிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 110 என்றால் 34 வரை இறங்கலாம்.

காட்டர் பின் என்ற ஆப்பு ஆணியால் ஆக்சிலோடு பிணைத்த இரும்பு கிராங்கை யாரும் சீந்துவதில்லை. ஆனால் அந்த ஆணியும் ஆக்சிலும் நன்றாக இருந்தால் தினசரி ஓட்டத்துக்கு அது பாதகமில்லை.

சரி, விரிசல் கண்ட கிராங்கை என்ன செய்வது? வெல்டிங் வேண்டாம், அந்த அலாய் சூட்டில் பலம் இழந்துவிடும். அந்தத் தம்பியின் கிராங்கில் பல்சக்கரங்களையும் போல்ட்டுகளையும் கழற்றி வைத்தோம். சக்கரத்தின் பல் தேய்ந்து சுறாத் துடுப்பு மாதிரி சாயாமல் நேராக நின்றது, கொடுத்த காசில் முக்கால்வாசி அதிலேயே திரும்பிவிட்டது. கையை மட்டும் ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் காயலான் கடைக்குப் போட்டோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் கையில் அது மறுபடி பஜாரில் கிடைத்துவிடக் கூடாதே என்று.