பொன்னாடை போர்த்தியது போதும், புத்தகத்தையும் எடுங்கள்

ஏப்ரல் வந்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சிங்கப்பூரில் அந்த மாதம் நடக்கும் தமிழ்மொழி விழாவில் உள்ளூர் எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், வரிசையாக நின்று படம் எடுப்பார்கள், வடை தீரும்வரை கூட்டம் நிற்கும். அவருடைய புத்தகமோ இரண்டு மாடி மேலே, நான் அடுக்கிய தட்டில் அப்படியே இருக்கும். பொது நூலகத்தில் தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள் நான். இதைச் சொல்லாமலே காலம் தள்ளியிருப்பேன், ஆனால் போன வாரம் பார்த்தது கொஞ்சம் அதிகப்படி.

தொடக்கநிலை நான்கு படிக்கும் பையன் தரையில் சப்பணமிட்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தான். அரசு கட்டிய வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடிப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் திட்டு வாங்கும் பிள்ளைகளின் கதை. "மா, நம்ம புளோக் மாதிரியே இருக்கு" என்றான். அம்மா பின்னட்டையைத் திருப்பினார், எழுதியவர் சிங்கப்பூர்க்காரர் என்று பார்த்ததும் தட்டிலேயே வைத்துவிட்டார். "இதுல பேச்சுத்தமிழ்தான்பா இருக்கும், படிச்சா மார்க் போயிடும். ஊர்ப் புத்தகமா எடு." ஊர் என்றால் தமிழ்நாடு.

இதை நான் கேட்காத மாதமே இல்லை. சரி, பொறுமையாகவே சொல்கிறேன். கதையில் ஆட்கள் பேசும் இடம் பேச்சுத்தமிழில் இருக்கும், மற்றதெல்லாம் எழுத்துத்தமிழில் இருக்கும். தமிழ்நாட்டில் அச்சாகும் புத்தகமும் அப்படித்தான், நெல்லைக்காரரோ கோவைக்காரரோ எழுதினால் வட்டார வழக்கு இன்னும் அடர்த்தியாகவே வரும். இன்னொன்று, இங்குள்ள பள்ளிகளில் பேச்சுத்தமிழ் ஒன்றும் தீண்டத்தகாத பொருள் இல்லை. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோதே நல்ல பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது. வாய்மொழித் தேர்வில் உங்கள் பிள்ளை கமலைக் கிணற்றைப் பற்றியா பேசப்போகிறான்? உணவங்காடி, மின்தூக்கி, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி, இவற்றைத் தமிழில் சொல்லத்தான் திணறுகிறான். அந்தச் சொற்கள் வாக்கியத்தோடு கிடைக்கும் இடத்தைத்தான் நீங்கள் மூடி வைத்தீர்கள். ஊர்ப் புத்தகமும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பிள்ளை தானாகக் கையில் எடுத்ததைப் பிடுங்காதீர்கள், அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"இங்கே அப்படி யார் எழுதியிருக்கிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1887லேயே சிங்கை நேசன் என்ற தமிழ் வாரப் பத்திரிகை வந்த ஊர் இது. இங்குள்ள எழுத்தாளர்கள் மா. இளங்கண்ணன் 2005இலும் புதுமைதாசன் 2008இலும் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார்கள். அதே 2008இல் இங்குள்ள எழுத்தாளர் லதாவின் சிறுகதைகளுக்குச் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது, 1965 முதல் வெளியான சுமார் 350 சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை 2015இல் மின்னிலக்கமாக்கி வைத்திருக்கிறார்கள்.

எழுத்தாளர்களுக்கும் கொஞ்சம் திட்டு இருக்கிறது. "நூலகத்துக்கு ரெண்டு பிரதி குடுத்தாச்சே" என்கிறீர்கள். அது சட்டப்படி தேசிய நூலக வாரியத்துக்கு ஒப்படைப்பது, பாதுகாத்து வைப்பதற்கு. வீட்டுக்கு எடுத்துப்போகும் தட்டுக்கு அது வராது. இரவல் போகாத புத்தகம் தட்டில் எத்தனை நாள் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை வரும்போது உள்ளூர்ப் புத்தகம் ஒன்றாவது எடுங்கள். இருபத்தொரு நாள் தவணை இருக்கிறது, எடுத்த இடத்தில்தான் திருப்ப வேண்டும் என்றில்லை, எந்தப் பொது நூலகத்திலும் போடலாம். பிள்ளை பாதியில் வைத்துவிட்டால் விடுங்கள், கேள்வி கேட்டுப் பரீட்சை நடத்தாதீர்கள். உங்களுக்கே தமிழ் வாசிப்பு மறந்துபோயிருந்தால் வெட்கப்படாமல் அவனோடு உட்காருங்கள், தயவுசெய்து.

விழா நடத்துபவர்களே, எழுத்தாளரை அழைத்தவுடன் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருடைய நூல்களை நுழைவாயில் மேசையிலேயே வைத்து, அங்கேயே இரவல் எடுக்க வழி செய்து தருகிறோம். அப்புறம், வரவேற்புரைகளில் இரண்டைக் குறைத்து, அவர் கதையின் ஒரு பக்கத்தை ஒரு மாணவனை வாசிக்க விடுங்கள். அவன் தடுமாறினால் பரவாயில்லை, பாதியில் மைக்கை வாங்கித் திருத்தாதீர்கள்.