ஓட்டு என்று கேட்டால் குடவோலையைக் காட்டும் எண்கள்

"எங்கள் பள்ளிக்கு இணையம் வருவதும் வராததும் ஒன்றுதான். வரலாற்றுப் பாடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு எங்களுக்கும் எட்டுமா?" என்று ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்.

எட்டும். கேள்விக்கு விடை எழுதும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரி என்பது கடைசியில் எண்கள் நிறைந்த ஒரு கோப்புதான். 300 கோடி எண்கள் கொண்ட சிறிய மாதிரியில் ஒவ்வோர் எண்ணையும் 16 பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற 16 இலக்கங்களில், எழுதினால் 6 ஜிபி ஆகும். துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்து 4 பிட்டில் எழுதினால் சுமார் 1.5 ஜிபி போதும். பென்டிரைவில் கொண்டுபோய், 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் இணையம் இல்லாமலே ஓட்டலாம்.

ஆனால் இவ்வளவு சிறிய மாதிரியிடம் வரலாற்றை நேரடியாகக் கேட்காதீர்கள். ஆண்டையும் அரசன் பெயரையும் கூசாமல் மாற்றிச் சொல்லும், தமிழில் இன்னும் தடுமாறும். அதற்குப் பாடநூலைக் கொடுத்து, உரிய பத்தியை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தேடல் நடக்கும் விதம்தான் எனக்கு அலுக்காத அதிசயம்.

"அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டார்களா?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். பாடநூலில் இருப்பதோ "குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்ற வரி. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. எழுத்தை ஒப்பிடும் சாதாரணத் தேடல் இங்கே கைவிரித்துவிடும்.

இதற்கென்றே உள்ள இன்னொரு குட்டி மாதிரி, ஒவ்வொரு வாக்கியத்தையும் 384 எண்களாக மாற்றுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் ஓர் ஊரின் இடத்தைச் சொல்லிவிடுகின்றன அல்லவா? அதுபோல இந்த 384 எண்களும் பொருளின் வரைபடத்தில் வாக்கியத்துக்கு ஓர் இடம் கொடுக்கின்றன. ஒரே மாதிரியான சூழலில் புழங்கும் சொற்கள் அதில் அக்கம்பக்கமாக வந்து அமரும்படி, கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கொண்டு மாதிரி முன்பே பழக்கப்பட்டிருக்கிறது. ஓட்டு, தேர்தல், உறுப்பினர் எல்லாம் ஒரே தெருவில் குடியிருக்கும். வரைபடத்தின் மையத்திலிருந்து புறப்படும் ஓர் அம்பாகக் கேள்வியையும் இன்னோர் அம்பாகப் பத்தியையும் நினைத்துக்கொண்டு, இடையில் உள்ள கோணத்தைக் கணக்கிடுங்கள். கோணம் மிகக் குறுகிய பத்தியே விடைக்குரியது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் படித்த அதே கோசைன்தான்! ஆயிரம் பத்திகளுக்கான எண்கள் மொத்தம் சுமார் 1.5 எம்பி, ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் அளவு.

பத்தி கிடைத்ததும் மூலத்தையும் திரையில் காட்டுங்கள். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள். கி.பி. 921-ஆம் ஆண்டு விதிப்படி, ஊர்ச்சபையின் குழுவான வாரியத்தில் உறுப்பினராக வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலமும் வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அப்படியானால் அது ஓட்டா, குலுக்கலா? அதில் யாருக்கெல்லாம் இடமே இல்லை? இந்த விவாதத்தைக் கணினியிடம் விட்டுவிடக் கூடாது. வகுப்பில் மாணவர்கள்தான் நடத்த வேண்டும். கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை, நாள்நட்சத்திரம் பார்ப்பதைப் போன்ற இன்னொரு மூடநம்பிக்கை.

ஒரு மனக்குறை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள், அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகள், ஏராளமாக அச்சேறாமல் கிடக்கின்றன. பெரிய கணினிகள் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்பவர்களுக்குக் கொடுத்தால், இந்தத் தேடலுக்கு உண்மையான தீனி கிடைக்கும்.

ஆசிரியையே தொடங்கலாம். அவருடைய மலைக்கு அருகிலேயே செங்கம் நடுகற்கள் இருக்கின்றன. அவற்றின் வாசகங்களைப் பாடநூலோடு சேர்த்துவிடலாம். ஒரு சிக்கல் உண்டு: "தொறு மீட்டுப் பட்டான்" என்பதில் தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் இறந்தான். இன்றைய தமிழில் பழகிய மாதிரி இந்த வரியை வரைபடத்தில் எங்கோ ஒரு மூலையில் வைத்துவிடும். மாடு என்று கேட்டால் அகப்படாது. ஒவ்வொரு வாசகத்தின் கீழும் "கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்டு உயிர்விட்டான்" என்று மாணவர்களையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், கோணம் குறுகிவிடும்.