தென்னைக் காப்பீடு: சாய்ந்த மரத்தை அறுக்கும் முன் படியுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. அரசு ஒரு மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் அறிவித்தது. பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு அது எந்த மூலைக்கு? தென்னைக்குக் காப்பீடு உண்டு என்பதே அங்கே பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம் இது. 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டு பிரீமியம் 9 ரூபாய், காப்பீட்டுத் தொகை 900. 16 முதல் 60 வயது வரை பிரீமியம் 14, தொகை 1,750. பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் கட்டும். நம் பங்கு, பெரிய மரத்துக்கு மூன்றரை ரூபாய். கட்டும் முன் இந்த ஆண்டுக்கான தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அலைச்சல் எந்த அலுவலகம் என்பதில் தொடங்கும். தமிழ்நாட்டில் தென்னை வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. தோட்டக்கலை அலுவலக வாசலில் காத்துக் கிடக்காமல், நேராக வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். "இப்போது அந்தத் திட்டம் இல்லை" என்று யாராவது வாயால் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள்; மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். குத்தகைக்காரர்கள் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரே இடத்தில் காய்ப்புள்ள, நோயற்ற மரம் ஐந்தாவது இருக்க வேண்டும். நெட்டை ரகமானால் ஏழு வயது ஆகியிருக்க வேண்டும். காற்றில் விழும் என்று பயப்படுகிற வரப்போர மரங்களை மட்டும் சேர்க்க முடியாது. தோப்பில் தகுதியுள்ள எல்லா மரத்தையும் சேர்க்க வேண்டும்.

இருபது பெரிய மரத்துக்கு நம் பங்கு 70 ரூபாய்தான். அதை வரைவோலையாகக் கொண்டுவா என்றால் வங்கிக் கமிஷனும் அலைச்சலும் அதைவிட அதிகம். சிறு விவசாயியை விரட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஊரில் தென்னை உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே தொகையாகக் கட்டுங்கள்.

காய்ப்பு குறைந்தால் பணம் வராது. மரம் பட்டுப்போக வேண்டும், அல்லது இனி பயனே இல்லை என்று ஆக வேண்டும். வெள்ளை ஈ தாக்கிக் காய் சிறுத்தது என்று போனால் மனு தள்ளுபடிதான். வேர் வாடல் நோய் வந்த மரம் உடனே சாகாது, ஆனால் அதைக் காப்பீட்டில் சேர்க்கவும் முடியாது. அதனால் இந்த நோய் பரவியிருக்கும் பொள்ளாச்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் தோப்பு நன்றாக இருக்கும்போதே கட்டிவிடுங்கள். வயதாகித் தானாகச் செத்த மரத்துக்கும், திருட்டுக்கும் எதுவும் கிடைக்காது.

அதிகம் பேர் ஏமாறுவது கடைசிக் கட்டத்தில்தான். புயல் ஓய்ந்த மறுநாளே வியாபாரி வாள் மிஷினோடு வந்து நிற்பார். பாதை அடைத்துக் கிடக்கிறதே என்று அறுக்கவிட்டால், அப்புறம் வரும் அதிகாரி "மரம் எங்கே?" என்று கேட்பார். மரம் விழுந்த 15 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். இப்போதே ஒவ்வொரு மரத்திலும் பெயின்டால் எண் எழுதி வையுங்கள். விழுந்தால் எண்ணும் வேரும் தெரியும்படி படம் எடுங்கள். பார்வையிட வரவில்லையென்றால் அதையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.