கல்பெட்டியில் ஒன்பது குழிகள்

"சோழர்கள் கடாரத்தையே ஆண்டார்கள்" என்று, இன்றைய கெடாவான அந்தக் கடாரத்திலேயே இருக்கும் எங்கள் பீடோங் தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து கடாரத்தைத் தாக்கியது. அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் பொறித்தே இருக்கிறது. ஆனால் வந்து அடிப்பது வேறு, உட்கார்ந்து ஆள்வது வேறு. இரண்டும் மண்ணில் விட்டுப்போகும் தடயமும் வேறு வேறு.

ஆண்டார்கள் என்று சொல்ல, பொருள் கிடைத்தால் மட்டும் போதாது. கெடாவின் பெங்காலான் பூஜாங்கில், தோட்டத்து மண்ணில் பழைய மங்கு ஓடு கிடைப்பது போல, சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அதற்காகச் சீனப் பேரரசர் கெடாவை ஆண்டார் என்று யாரும் சொல்வதில்லை. சரக்கு கப்பலில் வரும், கைமாறும். செய்முறை அப்படி வராது. அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். கருவறை மேடை, முன்னால் மண்டபம் என்று நம் கோயில் அமைப்புதான். கொஞ்சம் குனிந்து அந்தக் கல் பாதங்களைக் கவனியுங்கள். மரத்தூண்களைத் தாங்கியவை அவை. மேலே கல் விமானம் எழுப்பாமல், இந்த ஊர் வழக்கப்படி மரத்தில் கூரை போட்டிருக்கிறார்கள். அப்புறம், அஸ்திவாரத்தில் புதைத்து வைத்திருந்த கல்பெட்டிகள். உள்ளே ஒன்பது குழிகள். தோட்டத்துக் கோயிலுக்கு அடிக்கல் வைக்கும்போது நாமும் நவரத்தினம் போட்டு மூடுகிறோம் அல்லவா? வெளியே தெரியாத இடத்திலும் முறை தவறாமல் செய்த அந்தக் கைகள், படையை விட ஆழமாக இங்கே ஊன்றியவை என்பேன்.

சரி, ஆட்சியின் தடயம் எப்படி இருக்கும்? தோட்டம் என்றால் கிராணி (எழுத்தர்) எழுதிய செக்ரோல் (ஆள்பேர் பதிவேடு) இருக்கும்; ஆட்சி என்றாலும் அப்படித்தான். சோழர் உண்மையிலேயே ஆண்ட, இலங்கையின் பொலன்னறுவையில், இரண்டாம் சிவ தேவாலயம் அடி முதல் முடி வரை கல்லில் நிற்கிறது. அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லிக் கொடைகளைப் பதிந்த தமிழ்க் கல்வெட்டும் அங்கே உண்டு. கெடாவில் அப்படி ஒரு சோழர் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை.

மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமாத்ராவின் பாருஸ் பக்கம், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலைப்படி பொன் செலுத்த வேண்டும் என்று அதில் விதித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர்; அரசன் அல்ல.